தோற்றவள்தான் பை தூக்க வேண்டும்

பசார் மீன்கடையில் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பைக்குள் கைப்பேசி துடித்தது. ஆல்வின் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். மீன் ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்தேன்.

முதலில் காற்றாடியின் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கரண்டி தட்டில் விழுந்தது. அப்புறம் ஒரு பெண்குரல், கரகரப்பாக, ஒவ்வொரு சீன அசையையும் கஷ்டப்பட்டுப் பிடுங்கி எடுத்து வைத்தது. "குவெய்... சின்... ஸு... ஜியென்."

அது சியூ லானின் குரல். என் பக்கத்து வீட்டுக்காரி, பள்ளித் தோழி, பக்கவாதம் வந்து பேச்சு போனவள், இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பவள். பதிவுக்குக் கீழே அவள் மகன் ஆல்வின் வழக்கம்போல ஒரு வரி போட்டிருந்தான். ஆன்ட்டி, சொல்லுக்குச் சொல் ஒன்று, உண்மையான பொருள் ஒன்று, இரண்டும் ஆங்கிலத்தில் வேண்டும்.

மீன் வாடை அடிக்கும் விரலால் அங்கேயே நின்று தட்டினேன். சொல்லுக்குச் சொல்: திரும்பும் மனம் அம்பு போன்றது. பொருள்: வீட்டுக்குப் போகத் துடிக்கிறேன்.

அனுப்பி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. கல்யாணத்தன்றே அழாமல் மாமியார் வீட்டாரைக் கலவரப்படுத்தியவள்.

"என்னாக்கா, மீனு நல்லா இல்லையா? கண்ணு கலங்குது?" என்றார் மீன்கார பாய்.

"மீனு நல்லாத்தான் இருக்கு பாய். நீங்க வெட்டுங்க."

"கொழம்புக்கா, பொரிக்கவா?"

நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே பொரிக்கிற மாதிரி கீறிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வருவதற்குள் ஆல்வினின் பதில் வந்திருந்தது. ஓக்கே ஆன்ட்டி, அப்படியென்றால் அம்மாவை வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகிறேன்.

சாலையைக் கடக்காத படிப்பு

போன வாரம் இந்தப் பத்தியில் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்த கதையை எழுதியபோது, முதலாளியோடு சீனத்திலேயே சண்டை போட்டேன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் கேட்கிறார்கள். பினாங்கு டத்தோ கிராமாட்டில் பிறந்த தமிழ்ப் பெண்ணுக்குச் சீனம் எப்படி வந்தது? உங்கள் அப்பா பெரிய தொலைநோக்கு உள்ளவரோ?

அப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தமிழ்ப் பள்ளிக்குப் போக பெரிய சாலையைக் கடக்க வேண்டும். சீனப் பள்ளி எங்கள் சந்தின் முனையிலேயே இருந்தது. அம்மாவுக்கு லாரி என்றால் குலை நடுங்கும். எனக்குக் கிடைத்த சீனப் படிப்பு முழுவதும் அந்தப் பயத்தின் புண்ணியம்.

முதல் வருடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. எண்ணெய் வைத்துப் பின்னிய என் சடை பின்பெஞ்சுக்காரர்களுக்கு மணிக்கயிறு ஆயிற்று. ஆசிரியை சொல்வது ஒன்றும் விளங்காது. எல்லாரும் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன்.

ஒருநாள் ஆசிரியை கரும்பலகையில் நாலு எழுத்து எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு கிணறு வரைந்தார். கிணற்றுக்கு அடியில் ஒரு தவளை. அது அண்ணாந்து பார்த்து, தெரிகிற வட்டம்தான் மொத்த வானம் என்று நினைத்துக்கொள்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நம் வீட்டுக் கிணற்றுத் தவளை ஆயிற்றே! அப்பா சித்தப்பாவைத் திட்டும்போதெல்லாம் வாயில் வருகிற தவளை!

எழுந்து நின்று, தெரிந்த அரைகுறைச் சீனத்தில், "இந்தத் தவளை எங்கள் வீட்டிலும் இருக்கிறது" என்றேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. குட்டை முடி, முழங்கையில் சிரங்குத் தழும்பு. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "உங்கள் தவளையும் வானத்தைப் பார்க்குமா?"

"தெரியாது. கத்தும்" என்றேன்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள்தான் சியூ லான்.

அந்த நாலு எழுத்துத் தொடர்கள் சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம், உள்ளே ஒரு பொருள். மாட்டுக்கு யாழ் வாசிப்பது என்றால், புரியாத ஆளிடம் பேசி மெனக்கெடுவது. பாம்பை வரைந்து கால் போடுவது என்றால், நன்றாக முடிந்த காரியத்தை மேலும் நோண்டிக் கெடுப்பது. குதிரை குதிரை புலி புலி என்றால், ஏதோ இருக்கிறேன், சுமார்.

ஆரம்பப் பள்ளி முடிந்து ஆங்கிலம் தேற்றிக்கொள்வதற்காக எங்களை ரிமூவ் வகுப்பில் போட்டார்கள். அங்கே இருந்த டீச்சருக்கு இந்தத் தொடர்கள் மேல் கொள்ளை ஆசை. சொல்லுக்குச் சொல் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்வார். விடுமுறை எப்படி இருந்தது என்று அவர் கேட்டதற்கு, சியூ லான் விறைப்பாக எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ஹார்ஸ் ஹார்ஸ் டைகர் டைகர், மிஸ்." டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

சீனத்து அந்தாதி

பள்ளி விட்டு வரும்போது எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. சீனப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருத்தி ஒரு நாலு எழுத்துத் தொடரைச் சொல்ல வேண்டும். அதன் கடைசி எழுத்தில் தொடங்குகிற இன்னொரு தொடரை மற்றவள் சொல்ல வேண்டும். நம் அந்தாதியேதான். ஒன்றின் வால் அடுத்ததற்குத் தலை.

தோற்றவள்தான் பை தூக்க வேண்டும். இது எங்கள் இருவருக்கு மட்டுமான சட்டம். ஜெயித்தவளின் பையை அவள் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். நடுவில் இறக்கி வைத்தால் செல்லாது. சீனப் பள்ளிப் பையின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். என் இடது தோள் இன்றுவரை கொஞ்சம் தாழ்ந்திருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்வார். அதற்குச் சியூ லான்தான் காரணம். அவள் ஒருநாளும் தோற்றதில்லை.

ஒருநாள் பெரிய வாய்க்கால் பக்கம் வரும்போது, நான் எங்கேயோ பிடித்த ஒரு முரட்டுத் தொடரைப் போட்டேன். அவளுக்குச் சட்டென்று வரவில்லை. நின்றுவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, "எதையாவது சொல்லிவிட்டு வா" என்று கத்தினேன். அவள் நனைந்துகொண்டே நின்றாள்.

"தலை மாறினால் ஆட்டமே இல்லை" என்றாள்.

பதில் கிடைத்த பிறகுதான் நகர்ந்தாள். அன்றைக்கும் நான்தான் பையைத் தூக்கினேன். நனைந்த புத்தகங்களோடு அது இன்னும் கனத்தது. இந்தப் பிடிவாதக்காரியோடு இனிப் பேசவே கூடாது என்று கறுவிக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் அவள் எனக்காகத் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ஒரு கயா ரொட்டி வைத்திருந்தாள், கோபம் பறந்துவிட்டது.

மிருகக்காட்சி

கல்யாணத்துக்குப் பிறகு சியூ லான் எங்கள் தெருவுக்கே குடிவந்தது என் அதிர்ஷ்டம். அவள் கணவர் வீட்டில் ஆங்கிலமும் ஹொக்கியன் என்கிற வட்டாரச் சீனமும்தான் பேச்சு. அவர் விருப்பப்படி ஒரே மகன் ஆல்வினைச் சீனப் பள்ளிக்கு அனுப்பவில்லை. குதிரை, புலி, மாடு, பாம்பு என்கிற அளவுக்கு மட்டும் அவனுக்குப் பள்ளிச் சீனம் தெரியும். படித்து முடித்து மெல்பர்னில் வேலை, மனைவி, குழந்தை என்று அங்கேயே தங்கிவிட்டான். கணவர் காலமான பிறகும் சியூ லான் அந்த வீட்டை விட்டு அசையவில்லை. காலையில் அவள் வாசல் கூட்டும் சத்தம்தான் எனக்குக் கடிகாரம்.

ஒருநாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து பேசிய ஹொக்கியனே வரவில்லை. மருத்துவமனையில் நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது, மூடிக்கொள்வாள். அந்தக் கண்களை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆல்வின் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். தனியாக அவளை வீட்டில் விட வழியில்லை என்று பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போகிற பிறை என்ற ஊரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்து, அதன் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கினான். அந்தச் சமயம் பார்த்து எனக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்தது. பசார் வரைக்கும் நடக்கலாம், நெடுநேரம் காரில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் என்னால் முடிந்தது.

அப்போதுதான் ஒருநாள் ஆல்வின் பதறிக்கொண்டு கூப்பிட்டான். நாங்கள் ஆங்கிலமும் ஹொக்கியனும் கலந்து பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, அம்மா பேச ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா மூளையில வேற ஏதோ ஆயிடுச்சு போல. எப்பப் பாத்தாலும் மிருகத்தப் பத்தியே பேசுறாங்க."

"என்ன மிருகம்?"

"எப்படிம்மா இருக்கீங்கன்னு கேட்டா குதிரை குதிரை புலி புலிங்கிறாங்க. ரெண்டாவது போர்வை போத்தினா பாம்புங்கிறாங்க. ஸ்பீச் தெரபிஸ்ட் படம் காட்டினாங்க, மாடுன்னு சொல்றாங்க. படத்துல இருந்தது ஆப்பிள்லா, ஆன்ட்டி!"

அவன் பயந்துபோய் நிற்கையில் சிரித்திருக்கக் கூடாது. அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதும்விட்டேன். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினேன். சொல்லுக்குச் சொல் இது, பொருள் இது. போர்வைக்கு அவள் சொன்னது பாம்புக்குக் கால் வேண்டாம் என்று. படம் காட்டிய பெண்ணுக்குச் சொன்னது மாட்டுக்கு யாழ் வாசிக்கிற கதை. அதில் மாடு யார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

"அப்படின்னா அம்மா உள்ளதான் இருக்காங்க" என்றான் ஆல்வின். குரல் உடைந்திருந்தது.

சின்ன வயதில் மனப்பாடம் செய்தது சிலருக்குத் தங்கிவிடும், பாட்டும் பிரார்த்தனையும்போல, என்று தெரபிஸ்ட் அவனிடம் சொன்னாராம். அன்றிலிருந்து குரல் பதிவுகள் வரத் தொடங்கின. அப்படி வந்ததுதான் மீன்கடையில் நான் கேட்ட அம்பு.

அந்த அம்பு பிடித்துத் தள்ளிய காரியங்கள் பல. சியூ லானின் வீட்டைக் காப்பிக்கடை வைக்க ஒருவர் வாடகைக்குக் கேட்டிருந்தார். கையெழுத்துப் போடும் நாளையும் குறித்தாகிவிட்டது. ஆல்வின் அதை நிறுத்தி வைத்தான். பினாங்கில் இருந்தபடியே வேலை பார்க்க விடும்படி கம்பெனியில் கெஞ்சினான். அவன் மனைவி குழந்தையின் பள்ளியை நினைத்துக் கோபித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் குதித்திருப்பேன். இத்தனையும் என் கைப்பேசியிலிருந்து போன இரண்டு வரியை நம்பி நடந்தது.

சுவரோடு ஆட்டம்

டாக்டர் அனுமதி கொடுத்த உடனே வீட்டுக்காரரைக் காரை எடுக்கச் சொன்னேன். அவர் சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். என்னைப் பாதிச் சீனத்தி என்றுதான் கேலி செய்வார். சியூ லான் கொடுத்தனுப்பும் பலகாரம் என்றால் மட்டும் முழுச் சீனர் ஆகிவிடுவார்.

இல்லம் நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையில் டெட்டால் வாசம், சன்னலில் வெளுத்த திரை. தேவி என்கிற பணிப்பெண் சியூ லானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நீங்கதானா ராஜிக்கா? ஆல்வின் சார் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஆன்ட்டி இப்பதான் பசியாறினாங்க. வாங்க, தோட்டத்துப் பக்கம் போவோம், நல்ல காத்து."

சியூ லான் என்னைப் பார்த்ததும் முகத்தின் இடது பாதி மலர்ந்தது. இடது கையை நீட்டி என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

தோட்டத்துக்குக் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கூடத்தின் நடுவில் வந்ததும் அவள் தலையை நிமிர்த்தினாள். தெளிவாகச் சொன்னாள். "குவெய் சின் ஸு ஜியென்."

நான் தேவியைக் கை காட்டி நிறுத்தினேன்.

"பாருங்கக்கா," என்றாள் தேவி. "இந்த எடத்துக்கு வந்தா கட்டாயம் இத சொல்லிடுவாங்க. ரூம்ல சொல்லவே மாட்டாங்க."

சியூ லானின் பார்வை போன திசையில் பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய பலகை, சிவப்பில் பொன் எழுத்துகள். இல்லம் திறந்தபோது யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. நாலு எழுத்து. பின் ஜி ரு குவெய். சொல்லுக்குச் சொல், வந்த விருந்தினர் வீடு திரும்பியதுபோல. பொருள், இங்கே உங்களுக்கு வேற்றிடம் என்ற எண்ணமே வராது. தங்கும் விடுதிகளில் எல்லாம் மாட்டி வைப்பார்கள்.

அதன் கடைசி எழுத்து குவெய். திரும்புதல். அவள் சொன்னதற்குத் தலை எழுத்தும் அதே குவெய்.

அவள் வீட்டுக்குப் போகக் கேட்கவில்லை. சுவர் போட்ட வாலுக்குத் தலை கொடுக்கிறாள். ஆட்டம் ஆடுகிறாள், அவ்வளவுதான். ஆல்வின் அவளைச் சந்திப்பதும் பதிவு செய்வதும் எப்போதும் அந்தக் கூடத்தில்தான்.

வீட்டுக்காரரை வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத," என்றார். "அந்தம்மா வீட்டுக்கு வரட்டும்லா. நல்லதுதானே? ஒனக்கும் அதுதானே வேணும்?"

"அதுதாங்க வேணும். அதனாலதான் பயமா இருக்கு."

அவள் வாசல் கூட்டும் சத்தம் இல்லாத காலைகள் எனக்கு எப்படி இருந்தன என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் ஆசையை அவள் வாயில் திணித்து ஆல்வினிடம் விற்கிறேனோ என்று தோன்றிவிட்ட பிறகு, வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாகவே எனக்கு வராது.

ஆல்வின் மதியச் சாப்பாட்டுக்குக் குவே தியாவ் நூடுல்ஸ் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான். அவனைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்து, பலகையைக் காட்டி, எழுத்தைக் காட்டி, ஆட்டத்தின் விதியைச் சொன்னேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படின்னா அம்மா எங்கிட்ட ஒன்னுமே சொல்லலையா, ஆன்ட்டி?"

நான் சட்டியில் போட்டுப் பொரித்த மீனைவிடக் கேவலமாக உணர்ந்தேன். "தெரியலடா கண்ணா" என்றேன்.

"எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அவளோடு ஆடிப் பார்ப்பது.

தலை மாறிய ஆட்டம்

நாற்காலியைத் தோட்டத்துக்குத் தள்ளிப் போனோம். முதுகு இல்லத்தின் பக்கம், முகம் வேலியின் பக்கம். கண்ணில் படும்படி எங்கும் ஒரு சீன எழுத்துகூட இல்லை என்று பார்த்துக்கொண்டேன். வேலிக்கு அப்பால் தொழிற்பேட்டைச் சாலை. லாரியும் மோட்டார் சைக்கிளும் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஆல்வின் மரத்தடியில் நின்றான்.

அவள் எதிரில் என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "ஆடலாமா?" என்றேன் சீனத்தில். அவள் புருவம் ஏறியது.

எங்கள் பழைய தொடக்கத்தைப் போட்டேன். "ஷியோங் யோ செங் ஜு." நெஞ்சுக்குள் முழு மூங்கில் இருக்கிறது. ஓவியன் வரையுமுன்பே மனத்தில் மூங்கிலைப் பார்த்துவிடுகிறான், திட்டம் தயார் என்று அர்த்தம்.

நான் முடிப்பதற்குள் அவள் பதில் வந்தது. "ஜு பாவ் பிங் ஆன்." மூங்கில் நலம் என்று சேதி சொல்கிறது. திக்கல் இல்லை, திணறல் இல்லை. பள்ளிக்கூடத்துச் சியூ லான் அப்படியே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஆல்வின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. வால் கிடைத்தால் அம்மா எதற்கும் தலை கொடுப்பாள். ஆனாலும் தொடங்கிவிட்ட ஆட்டத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"ஆன் பு தாங் செ" என்றேன். நிதானமாக நடப்பதே வண்டியில் போவதுபோல. என் புது முட்டிக்குப் பொருத்தமானது.

செ என்றால் வண்டி. செ-யில் தொடங்கும் தொடர் குழந்தைக்குக்கூடத் தெரியும். வண்டிகள் வெள்ளம்போல, குதிரைகள் டிராகன்போல, அதாவது நெரிசலான சாலை. ரிமூவ் வகுப்புக்குப் போகிற பஸ் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் நாங்கள் கோரஸாகக் கத்துவது அதைத்தான். இப்போது அந்தச் சாலையே அவள் கண் எதிரில் ஓடிக்கொண்டிருந்தது.

சியூ லான் லாரிகளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. தொடர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் உதட்டை மூடிக்கொண்டாள். தலையை மெதுவாக, வேண்டாம் என்பதாக ஆட்டினாள். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"குவெய் சின் ஸு ஜியென்."

இருந்தும் விடவில்லை. "இல்லை, செ-யில் தொடங்கணும்" என்று என் தொடரைத் திரும்பச் சொன்னேன். "ஆன் பு தாங் செ."

"குவெய் சின் ஸு ஜியென்." இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. "குவெய். சின். ஸு. ஜியென்."

தலை மாறினால் ஆட்டமே இல்லை என்று மழையில் நின்றவள் அவள். விதியை மீறி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள். சொல்ல வேறு வார்த்தையே மிஞ்சாதபோது, தன் ஆட்டத்தை உடைத்து அதைக் கொண்டு பேசினாள்.

"ஆன்ட்டி, என்ன ஆச்சு?" என்று ஆல்வின் ஓடி வந்தான். "அம்மா தப்பா சொல்லிட்டாங்களா?"

"உங்கம்மா தோத்துட்டா" என்றேன். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "வேணும்னே தோத்துட்டா. சொல்லுக்குச் சொல் அர்த்தம் வேணுமா, உள்ள இருக்கிற பொருள் வேணுமா?"

அவன் நாற்காலியின் முன்னால் புல்லில் மண்டியிட்டு அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். "வேணாம் ஆன்ட்டி. புரிஞ்சிருச்சு."

அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டு அவன் தலையில் கை வைத்தாள். நான் துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினேன். பார்க்கச் சகிக்காத காட்சியாக இருந்திருப்பேன். தேவி எட்டிப் பார்த்துவிட்டு நாசூக்காக உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தோளிலிருந்த கைப்பையைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன்.

"தோத்தவதான் தூக்கணும்."

ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், பாதி வாயால்தான், ஆனால் சத்தம் முழுசாக வந்தது. பையை இடது கையால் அணைத்துக்கொண்டாள். சாவியையும் கைப்பேசியையும் எடுத்துக்கொள்ள மட்டும் விட்டாள். மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கை நீட்டியபோது கையில் ஒரு தட்டு தட்டினாள். வீட்டுக்காரர் திரும்பி வரும் வழியெல்லாம் கடைப் பெயர்ப் பலகைகளை எனக்கு வாசித்துக் காட்டிக் கேலி செய்தார்.

ஆல்வினின் வேலை, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள், கூடத்தில் கட்டில் எல்லாம் ஏற்பாடாகச் சில வாரங்கள் ஆயின. மனைவியோடு பேசித் தீர்க்க வேண்டியதும் இருந்தது. அது இன்னும் முழுசாகத் தீரவில்லை, அதை நான் எழுதுவது முறையல்ல. ஒரு வேலை நாளின் காலையில் வேன் எங்கள் தெருவுக்குள் வந்தது.

நான் அவள் வாசலைக் கூட்டி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, கதவைத் திறந்து வைத்து நின்றேன். நாற்காலியை இறக்கினார்கள். மடியில் என் கைப்பை, வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டுவிட்டுப் பையை வாங்கக் கை நீட்டினேன்.

தலையை ஆட்டினாள். தர மாட்டேன் என்பதுபோலப் பையை இறுக்கிக்கொண்டாள். ஆல்வின் நாற்காலியை அவள் வீட்டுக்குள் தள்ளப் போனான். அவள் சக்கரத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்து, மோவாயால் தெருவைக் காட்டினாள்.

அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஜெயித்தவளின் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், நடுவில் இறக்கினால் செல்லாது.

அத்தனை நாள் ஏங்கிய தன் வீட்டு வாசலைத் தாண்டி, நாற்காலியை என் வீட்டுக்குத் தள்ள வைத்து வந்தாள். என் வாசற்படியில்தான் பையை என் கையில் வைத்தாள். அதற்கப்புறம்தான் தன் வீட்டுக்குள் போனாள்.